கணவரின் ‘பிப்’ பணம் குறைந்துவிடுமா?

கேள்வி: பக்கவாதம் வந்த பிறகு என் கணவருக்கு ‘பிப்’ (உடல் இயலாமை உள்ளவர்களுக்கு அரசு தரும் உதவித்தொகை) கிடைக்கிறது. அதில் அன்றாட வாழ்க்கைக்கான பகுதி கூடிய வீதத்தில் வருகிறது. எங்கள் இருவருக்குமாக, குறைந்த வருமானம் உள்ளவர்களுக்கு அரசு தரும் யுனிவர்சல் கிரெடிட் வருகிறது. அவரால் வேலை செய்ய இயலாது என்பதற்கான தொகையும் அதில் சேர்ந்திருக்கிறது. நான் ஒரு கடையில் குறைந்தபட்சச் சம்பளத்தில் வாரம் 14 மணி நேரம் வேலை செய்கிறேன். மற்ற நேரமெல்லாம் அவருடன்தான். நான் கேரர்ஸ் அலவன்ஸ் (பராமரிப்பாளருக்கான உதவித்தொகை) கேட்டால் அவருடைய பணம் குறையும் என்கிறார் என் மைத்துனி. கேட்டும் பயனில்லை, எல்லாவற்றையும் கழித்துவிடுவார்கள் என்கிறார் உடன் வேலை செய்பவர். ஊரில் கணவர் பெயரில் உள்ள காணியையும் விற்க இருக்கிறோம். நான் என்ன செய்வது?
— ஒரு வாசகி, ஹரோ, லண்டன்

பதில்: அன்புள்ள சகோதரிக்கு, உங்கள் மைத்துனி சொன்னது உங்கள் குடும்பத்துக்குப் பொருந்தாது, உடன் வேலை செய்பவர் சொன்னது பாதி சரி. ‘பிப்’ உங்கள் கணவரின் உடல்நிலையை மட்டும் பார்த்துக் கொடுக்கப்படுவது. வீட்டு வருமானம், சேமிப்பு, மனைவி வேறு என்ன பெறுகிறார் என்பவற்றுக்கும் அதற்கும் தொடர்பில்லை. ஆகவே நீங்கள் பராமரிப்பாளராகப் பதிந்தால் அதில் ஒரு பென்ஸ்கூடக் குறையாது. இந்த அச்சம் எங்கிருந்து வந்தது என்றும் சொல்லிவிடுகிறேன். யுனிவர்சல் கிரெடிட்டுக்கு முந்தைய பழைய உதவித்தொகைகளிலும், வருமானம் குறைந்த முதியவர்களுக்கான பென்ஷன் கிரெடிட்டிலும் கடுமையான இயலாமைக்கென்று ஒரு கூடுதல் தொகை உண்டு. இயலாதவரைப் பராமரிக்கும் ஒருவருக்குக் கேரர்ஸ் அலவன்ஸ் கையில் வந்தால் அந்தக் கூடுதல் தொகை நின்றுபோகும் அல்லது குறையும். யுனிவர்சல் கிரெடிட்டில் அப்படி ஒரு தொகையே இல்லை.

இனி கழிப்பைப் பார்ப்போம். இந்தப் பதிலில் வரும் தொகைகளும் எல்லைகளும் 2025-26 நிதியாண்டுக்கானவை. கேரர்ஸ் அலவன்ஸ் வாரத்துக்கு 83.30 பவுண், மாதக் கணக்கில் 360.97 பவுண். இந்தத் தொகை முழுவதும் உங்கள் யுனிவர்சல் கிரெடிட்டிலிருந்து அப்படியே கழிக்கப்படும். ஆனால் நீங்கள் பராமரிப்பாளர் என்பதற்காக அதே யுனிவர்சல் கிரெடிட்டில் கேரர் எலிமெண்ட் என்ற பெயரில் மாதம் 201.68 பவுண் சேரும். எனவே நீங்கள் அலவன்ஸ் கேட்டாலும் கேட்காவிட்டாலும் உங்கள் வீட்டுக்குக் கூடுதலாக வருவது அந்த 201.68 பவுண்தான். பலர் அறியாத செய்தி என்னவென்றால், அலவன்ஸுக்கு விண்ணப்பிக்காமலேயே கேரர் எலிமெண்ட்டை மட்டும் பெறலாம் என்பதே. உங்கள் கணவருக்கு வேலை செய்ய இயலாமைக்கான தொகை இருப்பதும் அதற்குத் தடையல்ல. ஒரே ஆளுக்கு அந்த இரண்டையும் சேர்த்துக் கொடுக்கமாட்டார்கள். தம்பதியரில் ஒருவருக்கு ஒன்றும் மற்றவருக்கு இன்னொன்றும் கொடுப்பார்கள்.

உங்கள் நிலையில் அலவன்ஸை இப்போது கேட்காமல் விடுவதே நல்லது என்பது என் கருத்து. அலவன்ஸுக்கு வருமான எல்லை உண்டு: வரி முதலியவை போகக் கையில் வரும் சம்பளம் வாரம் 196 பவுணைத் தாண்டக்கூடாது. மணிக்கு 12.21 பவுண் வீதம் 14 மணி நேரத்துக்கு 170.94 பவுண் என்பதால் எல்லைக்குள் இருக்கிறீர்கள்; நத்தார் காலத்தில் கடையில் கூடுதலாக மூன்று மணி நேரம் நின்றாலே எல்லை தாண்டிவிடும். தாண்டினால் மிகுதியை மட்டும் வெட்டுவதில்லை, முழு அலவன்ஸும் போய்விடும். கவனிக்காமல் விட்டுப் பல மாதப் பணத்தைக் கடனாகத் திருப்பிச் செலுத்த நேர்ந்த பராமரிப்பாளர்கள் இந்நாட்டில் ஏராளம். போதாததற்கு அலவன்ஸுக்கு வரியும் உண்டு. உங்கள் ஆண்டுச் சம்பளத்துடன் அதைச் சேர்த்தால் 12,570 பவுண் என்ற வரியற்ற எல்லையைத் தாண்டி, ஏறத்தாழ 130 பவுண் வரி வரும். கேரர் எலிமெண்ட்டுக்கு வரியும் இல்லை, இந்த வருமான எல்லையும் இல்லை. சம்பளம் கூடினால் யுனிவர்சல் கிரெடிட் வழமைபோல் படிப்படியாகத்தான் குறையும்.

கேரர் எலிமெண்ட்டுக்கான நிபந்தனை, வாரம் 35 மணி நேரமாவது அவரைப் பராமரிக்க வேண்டும் என்பது. மனைவி செய்வது கடமை, அதை எப்படிக் கணக்கில் காட்டுவது என்று நம் பெண்கள் பலர் தயங்குகிறார்கள். சட்டம் அப்படிப் பார்ப்பதில்லை. குளிக்க வைப்பது, மருந்து கொடுப்பது மட்டுமல்ல, விழுந்துவிடாமல் பார்த்துக்கொண்டு பக்கத்தில் இருப்பதும் அந்த மணிகளில் அடங்கும். யுனிவர்சல் கிரெடிட்டின் இணையக் கணக்கில் நிலைமை மாற்றம் என்ற பகுதியில், நடப்பு மதிப்பீட்டு மாதம் (உங்கள் தொகையைக் கணக்கிடும் மாதம்) முடிவதற்குள் இதைப் பதிவு செய்யுங்கள். தாமதித்தால் போன மாதங்களுக்கான பணத்தைப் பெறுவது எளிதல்ல. பதிவான பிறகு, வேலை தேடு, மணி நேரத்தைக் கூட்டு என்று உங்களை வற்புறுத்தவும் முடியாது.

காணியைப் பற்றி நீங்கள் கடைசியாக ஒரு வரியில் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அதுதான் கவலை தருகிறது. குடியிருக்கும் வீட்டைத் தவிர்ந்த சொத்து வெளிநாட்டில் இருந்தாலும் யுனிவர்சல் கிரெடிட்டில் அது மூலதனமே. விற்ற பிறகுதான் கணக்கு என்பதில்லை. தம்பதியரின் மூலதனம் சேர்த்தே பார்க்கப்படும். 6,000 பவுணுக்கு மேல் ஒவ்வொரு 250 பவுணுக்கும் மாதம் 4.35 பவுண் கழிப்பார்கள். 16,000 பவுணைத் தாண்டினால் யுனிவர்சல் கிரெடிட் முற்றாக நின்றுவிடும், கேரர் எலிமெண்ட்டும் அதோடு போகும். காணியை இதுவரை அறிவிக்கவில்லையென்றால், அதன் சந்தைப் பெறுமதிக்கு எழுத்துமூலமான ஒரு மதிப்பீட்டை ஊரிலிருந்து பெற்றுக்கொண்டு, பிரதேச சபையின் நலத்துறை ஆலோசகரையோ இலவச ஆலோசனை தரும் சிட்டிசன்ஸ் அட்வைஸ் அலுவலகத்தையோ உடனே பாருங்கள். யுனிவர்சல் கிரெடிட் நின்றுபோகும் நிலை வந்தாலும் கணவரின் ‘பிப்’ தொடரும். கேரர்ஸ் அலவன்ஸுக்குச் சேமிப்பு எல்லை கிடையாது என்பதாலும், கழிப்பதற்கு யுனிவர்சல் கிரெடிட் இராது என்பதாலும், அந்த 83.30 பவுணை அப்போது விண்ணப்பித்துப் பெறுங்கள். மூன்று மாதம் வரை பின்னோக்கியும் கேட்கலாம்.