ஐந்து லட்சத்து ஓராயிரம்: கணக்குத் திரையில் எண்ணை எழுத்தாக்குவது எப்படி?

கேள்வி: மன்னார்குடிப் பக்கம் ஓர் உழவர் உற்பத்தியாளர் நிறுவனத்துக்கு நெல் கணக்கு வைக்கும் வலைச் செயலி எழுதுகிறேன். 5,01,874 என்று வரவேண்டிய தொகை என் மடிக்கணினியில் 501,874 என்று வருகிறது. உறுப்பினர்களின் போனில் மட்டும் சரியாக இருக்கிறது. ரசீதில் தொகையை எழுத்தாலும் போட வேண்டும். என் நிரல் ‘ஐந்து லட்சம் ஒன்று ஆயிரம் எட்டு நூறு எழுபது நான்கு’ என்கிறது. நிலப் பரப்பைக் காட்டுவதிலும் குழப்பம். எப்படிச் சரிசெய்வது?

பதில்: காற்புள்ளிச் சிக்கல் எளிது, அதை முதலில் முடித்துவிடலாம். எண்ணைக் காற்புள்ளியோடு எழுதித் தரும் ஜாவாஸ்கிரிப்டின் ‘டூ லோக்கேல் ஸ்ட்ரிங்’கை (toLocaleString) அடைப்புக்குறிக்குள் எதுவும் தராமல் அழைத்திருப்பீர்கள். அப்படி அழைத்தால், அந்தக் கருவி எந்த மொழி அமைப்பில் இருக்கிறதோ அந்த வழக்கப்படி எண்ணைப் பிரிக்கும். உங்கள் மடிக்கணினி அமெரிக்க ஆங்கிலத்தில் இருக்கும், போன்கள் இந்திய ஆங்கிலத்திலோ தமிழிலோ இருக்கும். மொழிக்குறியீட்டை நீங்களே கொடுத்துவிடுங்கள்: ‘டிஏ’, ஒரு சிறுகோடு, ‘ஐஎன்’ (ta-IN, அதாவது இந்தியத் தமிழ்). நாட்டுக் குறியீட்டை விட்டுவிடாதீர்கள். சிங்கப்பூர், மலேசியத் தமிழுக்கான அமைப்புகள் மூன்று மூன்று இலக்கமாகத்தான் பிரிக்கின்றன. டெல்டாவில் மகன் சிங்கப்பூரில் இருக்கும் வீடுகள் நிறைய. அப்பாவின் நெல் கணக்கை அவர் அங்கிருந்து திறந்தாலும் லட்சக் கணக்கில்தான் தெரிய வேண்டும்.

ரசீதை சர்வரில் உருவாக்கினால், அங்கே ஜாவாஸ்கிரிப்டை இயக்கும் நோட் (Node.js) மென்பொருளின் பதிப்பையும் பாருங்கள். 13க்கு முந்தைய பதிப்புகளில் ஆங்கிலத் தரவு மட்டுமே இயல்பாக வரும். தமிழைக் கேட்டால் பிழை எதுவும் காட்டாமல் ஆங்கில வழக்கத்திலேயே கொடுத்துவிடும். ஒன்று சொல்லிவிடுகிறேன்: ௧, ௨, ௩ என்று தமிழ் இலக்கங்களையும் வரவழைக்க முடியும். எனக்குப் பிடித்தமானவைதான், ஆனால் பணத்துக்கான ரசீதில் வேண்டாம். வங்கி கவுன்டரில் இருப்பவர் முதல் பார்வையிலேயே படிக்க வேண்டிய தாள் அது.

இனி எழுத்தால் எழுதுவது. உலாவியில் இதற்கு ஆயத்தமான வசதி கிடையாது, நீங்களேதான் எழுத வேண்டும். ஆங்கில நிரல் ஒன்றை எடுத்துச் சொற்களை மட்டும் மாற்றியதால்தான் ‘எட்டு நூறு’ வந்திருக்கிறது. தமிழில் ஒவ்வொரு இடத்துக்கும் இரண்டு வடிவம் வேண்டும். பின்னால் எதுவும் இல்லாவிட்டால் ஒன்று, மீதி இருந்தால் இன்னொன்று: லட்சம், லட்சத்து, ஆயிரம், ஆயிரத்து, எண்ணூறு, எண்ணூற்று, எழுபது, எழுபத்து, தொண்ணூறு, தொண்ணூற்று. கோடிக்கு மட்டும் ‘கோடியே’.

ஆகவே பெருக்கிச் சேர்க்கும் தர்க்கத்தைக் குறைத்து, அட்டவணையைப் பெரிதாக்குங்கள். ஒன்று முதல் பத்தொன்பது வரை ஒரு பட்டியல், பத்துகளுக்கு இரட்டை வடிவப் பட்டியல், நூறுகளுக்கும் அப்படியே: நூறு, இருநூறு, முந்நூறு, நானூறு, ஐந்நூறு, அறுநூறு, எழுநூறு, எண்ணூறு, தொள்ளாயிரம். கடைசியில் உள்ளதைக் கவனியுங்கள். 900 ‘ஆயிரம்’ என்று முடிகிறது, 9,000 ஒன்பதாயிரம். நூறுகளை ஒரே விதியில் அடக்க நினைத்தால் இங்கே கட்டாயம் உதைக்கும். ஆயிரங்களுக்குத் தனிப் பட்டியல்: இரண்டாயிரம், மூவாயிரம், நான்காயிரம், ஐயாயிரம் என்று. பதினோராயிரம், இருபத்தோராயிரம் போன்றவையும் அதிலேயே வரட்டும். 99 வரை மொத்தமாகத் தட்டி வைத்துவிடுவதே நல்லது. ஒரு மணி நேர வேலை, அப்புறம் யோசிக்கவே வேண்டாம்.

உங்கள் தொகையையே எடுத்துக்கொள்வோம். 493 மூட்டை, மூட்டைக்கு 40 கிலோ, ஆக 197.2 குவிண்டால். 2025-26 பருவத்துக்குத் தமிழக அரசு அறிவித்த சன்ன ரக விலை குவிண்டாலுக்கு 2,545 ரூபாய். மொத்தம் 5,01,874. கோடி, லட்சம், ஆயிரம், நூறு, மீதி என்று வகுத்தால் 0, 5, 1, 8, 74 கிடைக்கும். சுழியை விட்டுவிடுங்கள். ‘ரூபாய் ஐந்து லட்சத்து ஓராயிரத்து எண்ணூற்று எழுபத்து நான்கு மட்டும்.’ பேச்சில் ‘லட்சத்து ஆயிரத்து’ என்றாலே போதும். ரசீதில் ‘ஓராயிரத்து’ என்பதையே பரிந்துரைப்பேன், இடையில் ஒரு சொல் விட்டுப்போனதோ என்ற சந்தேகம் வராது. தனி ஆயிரத்துக்கு ‘ஆயிரம்’, தனி லட்சத்துக்கு ‘ஒரு லட்சம்’. 10 முதல் 19 வரையுள்ள எண்கள் நூற்றுக்குப் பின் வந்தால் ஒற்று மிகும்: நூற்றுப் பதினாறு.

எடைக்குத் தசம இடங்களை நீங்களே நிர்ணயியுங்கள். இயல்பாக விட்டால் 198 ஒரு வரியிலும் 197.2 அடுத்த வரியிலும் வந்து பத்தி கோணிப்போகும். மூட்டை 40 கிலோ, அதாவது 0.4 குவிண்டால். முழு மூட்டைக் கணக்கென்றால் ஒரு தசம இடமே போதும். குறைந்தபட்சம், அதிகபட்சம் இரண்டையும் 1 என்று வையுங்கள்.

நிலம் விஷயத்தில்தான் உண்மையான ஆபத்து இருக்கிறது. ஒன்றரை ஏக்கரை நிரல் ‘1.5’ என்று காட்டினால், நம் ஊரில் அதை ஒரு ஏக்கர் ஐந்து சென்ட் என்று படிப்பவர்கள் உண்டு. ஏக்கருக்கு 100 சென்ட் என்பதால் இரண்டு இடமும் கட்டாயம் வேண்டும், 1.50 என்று. அதைவிட ‘1 ஏக்கர் 50 சென்ட்’ என்று எழுத்தாகவே காட்டுங்கள், யாருக்கும் ஐயம் வராது. பெரியவர்கள் மாவில்தான் சொல்வார்கள். தஞ்சைப் பக்கம் 100 குழி ஒரு மா, சுமார் மூன்று மா ஓர் ஏக்கர். அதைப் பக்கத்தில் ‘ஏறத்தாழ’ என்ற சொல்லோடு காட்டலாம். ஆனால் சேமிப்பது பட்டாவில் உள்ள அளவாக இருக்கட்டும்.

அந்தப் பட்டாவிலும் ஒரு பொறி இருக்கிறது. பரப்பு ஹெக்டேர், ஏர் (ஹெக்டேரில் நூறில் ஒரு பங்கு) என்று இரண்டு எண்ணாக வரும். ‘0 - 40.50’ என்றால் 0.4050 ஹெக்டேர், ஏறக்குறைய ஓர் ஏக்கர். ‘0 - 4.50’ என்றால் 0.0450. இடையிலுள்ள கோட்டைப் புள்ளியாக்கி ஒட்டினால் இரண்டாவது நிலம் பத்து மடங்கு பெருகிவிடும். இரண்டு பெட்டிகளாகவே வாங்குங்கள், ஏரை நூறால் வகுத்துக் கூட்டுங்கள்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சேர்த்துச் சொல்கிறேன். இப்படி அழகாகக் காட்டிய எண்ணைத் திரும்பப் படிக்க முயலாதீர்கள். தரவுத்தளத்தில் வெறும் எண்ணே இருக்கட்டும், பணம் பைசாவில் முழு எண்ணாக. யாராவது முன்பணப் பெட்டியில் 1,25,000 என்று காற்புள்ளியோடு தட்டினால், தட்டியதை எண்ணாக மாற்றும் ‘பார்ஸ் ஃப்ளோட்’ (parseFloat) முதல் காற்புள்ளியிலேயே நின்று 1 என்று எடுத்துக்கொள்ளும், பிழைச் செய்தியும் வராது. ஒன்றே கால் லட்சம் ஒரு ரூபாயாகப் பதிவாகும். காற்புள்ளிகளை முதலில் நீக்குங்கள், பிறகு ‘நம்பர்’ கொண்டு மாற்றுங்கள், பதிவு செய்யும் முன் அதே தொகையை எழுத்தால் பெட்டிக்குக் கீழே காட்டுங்கள். ரசீதுக்காக எழுதிய நிரலே இதற்கும் ஆகும்.