கேலரியில் நிற்பவரும் நள்ளிரவில் விழித்திருப்பவரும்
வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: பள்ளிக் காலத்திலிருந்தே இங்கிலாந்து பிரீமியர் லீக் கால்பந்து ஆட்டங்களை நள்ளிரவு தாண்டியும் விழித்திருந்து பார்த்து வருகிறேன். டிக்கெட் விலையைக் கண்டித்து அந்நாட்டு ரசிகர்கள் மைதான வாசலில் பதாகை பிடித்து நிற்கும் படங்களை அண்மையில் பார்த்தபோது மனம் சங்கடப்பட்டது. அவர்கள் மைதானத்தை விட்டு விலக்கப்படுவதற்கு எங்களைப் போன்ற வெளிநாட்டு ரசிகர்கள்தான் காரணமா?
– கல்லூரி மாணவர், தூத்துக்குடி

பதில்: இல்லை என்பதே என் பதில். ஆனால் உங்கள் சங்கடத்தில் நியாயம் இருப்பதால் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

முதலில், மைதானங்கள் காலியாகவில்லை. பிரீமியர் லீக் தொடங்கிய 1992-93 பருவத்தில் ஓர் ஆட்டத்துக்குச் சராசரியாக ஏறத்தாழ 21,000 பேர் வந்தார்கள். இன்று அந்த எண்ணிக்கை 40,000ஐ ஒட்டி நிற்கிறது. எனவே கேட்க வேண்டியது இருக்கை நிறைகிறதா என்பதையல்ல, அந்த இருக்கையில் யார் உட்காருகிறார்கள் என்பதைத்தான். 1989இல் ஹில்ஸ்பரோ மைதான நெரிசலில் 97 பேர் உயிரிழந்த பிறகு, நீதிபதி டெய்லரின் அறிக்கைப்படி, உயர் பிரிவுக் கிளப்புகள் நின்று பார்க்கும் கேலரிகளை நீக்கி இருக்கைகளை அமைத்தன. பாதுகாப்புக்கு அது அவசியமாக இருந்தது. ஆனால் அதன் பிறகு விலை ஏறிய வேகத்தில், தந்தையின் தோளில் உட்கார்ந்து ஆட்டம் பார்த்துப் பழகிய குடும்பங்களில் பல, தம் பிள்ளைகளை அழைத்துப் போக முடியாமல் நின்றுவிட்டன.

இதில் வெளிநாட்டுப் பணத்தின் பங்கு என்ன? 2022 முதல் 2025 வரையிலான மூன்று பருவங்களுக்கான ஒப்பந்தங்களில் வெளிநாட்டு ஒளிபரப்பு உரிமைத் தொகை 500 கோடி பவுண்டைத் தாண்டி, உள்நாட்டுத் தொகையை முதன்முறையாக முந்தியது. போர்ன்மத் கிளப்பின் மைதானத்தில் 11,000 சொச்சம் பேர்தான் அமர முடியும். அந்த டிக்கெட் வருமானம், ஒளிபரப்பில் அதற்குக் கிடைக்கும் பங்கோடு ஒப்பிடும்போது மிகச் சிறியது. அப்படியானால் நீங்கள் இங்கே கட்டும் சந்தாப் பணம் அங்கே டிக்கெட் விலையைக் குறைக்கத்தான் உதவியிருக்க வேண்டும். குறைக்காதது உரிமையாளர்கள் எடுத்த முடிவே தவிர உங்கள் குற்றமன்று.

2016 பிப்ரவரி 6 அன்று லிவர்பூல் கிளப்பின் மைதானமான ஆன்ஃபீல்டில் நடந்ததை நினைவுபடுத்துகிறேன். புதிதாக விரிவாக்கப்படும் பிரதான கேலரியில் ஒரு டிக்கெட்டின் உச்ச விலை 77 பவுண்டு என்று லிவர்பூல் கிளப் அறிவித்திருந்தது. சண்டர்லாந்துடனான ஆட்டத்தில் லிவர்பூல் 2-0 என்று முன்னிலையில் இருந்த நேரம், சரியாக 77ஆவது நிமிடத்தில், ஆயிரக்கணக்கானோர் எழுந்து வரிசை வரிசையாக வெளியேறினார்கள். தம் அணி வென்றுகொண்டிருக்கும்போது முதுகைத் திருப்பிக்கொண்டு நடப்பது ஒரு ரசிகனுக்கு எவ்வளவு கடினம் என்பது உங்களுக்குத் தெரியும். ஆட்டம் 2-2 என்று முடிந்தது. சில நாள்களிலேயே உரிமையாளர்கள் மன்னிப்புக் கேட்டு அந்த விலையைக் கைவிட்டார்கள். அதே ஆண்டு, வெளியூர் அணியின் ரசிகர்களுக்கான டிக்கெட் 30 பவுண்டைத் தாண்டக் கூடாது என்ற வரம்பையும் லீக் ஏற்றுக்கொண்டது.

வெளிநாட்டுப் பார்வையாளருக்காக உள்ளூர்க்காரர் உண்மையிலேயே விலை கொடுப்பது ஆட்ட நேரத்தில்தான். சனிக்கிழமை பகல் பன்னிரண்டரை மணி ஆட்டம் நமக்கு மாலை ஐந்து அல்லது ஆறு மணிக்குத் தொடங்குவதால் ஆசியச் சந்தைக்கு வசதியாக இருக்கிறது. ஆனால் நியூகாசிலிலிருந்து போர்ன்மத்துக்குச் சாலை வழியே ஏறத்தாழ 560 கிலோமீட்டர். அந்த ஆட்டத்துக்கு நேரில் வர விரும்புபவர் விடிவதற்குள் புறப்பட்டாக வேண்டும்.

2020 ஜூனில் கொரோனாவுக்குப் பிறகு ஆளில்லாத மைதானங்களில் ஆட்டங்கள் மீண்டும் தொடங்கியபோது, வீடியோ கேமுக்காகச் சேகரித்து வைத்திருந்த கூட்ட ஒலியைத் தொலைக்காட்சி நிறுவனங்கள் சேர்த்து ஒளிபரப்பின. பந்து அதே பந்து, வீரர்கள் அதே வீரர்கள். இருந்தும் ஏதோ பயிற்சி ஆட்டத்தைப் பார்ப்பதுபோல் இருந்தது. நள்ளிரவில் உங்களை விழித்திருக்க வைப்பதில் பாதி அந்தக் கேலரியின் குரல். அந்தக் குரலுக்குரியவரை விலையால் வெளியேற்றினால், உலகுக்கு விற்கும் சரக்கையே கிளப்புகள் கெடுத்துக்கொள்கின்றன என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

கேள்வி: நாம் இங்கே எல்லா ஆட்டங்களையும் நேரலையில் பார்க்கிறோம். இங்கிலாந்தில் இருப்பவர்களுக்கு அது முடியாது என்கிறார்களே, உண்மையா?
– வாசகி, திருச்சி

பதில்: உண்மைதான். ஒரு பருவத்தின் 380 ஆட்டங்களும் வெளிநாடுகளுக்கு நேரலையாக விற்கப்படுகின்றன. ஆனால் பிரிட்டனில் சனிக்கிழமை பிற்பகல் 2.45 முதல் 5.15 வரை கால்பந்து நேரலைக்குத் தடை இருக்கிறது. பெரிய ஆட்டத்தை வீட்டிலிருந்தே பார்க்க முடிந்தால் சிறு ஊர்க் கிளப்புகளுக்குக் கூட்டம் வராது என்று 1960களில் பர்ன்லி கிளப்பின் தலைவர் பாப் லார்ட் வலியுறுத்தியதன் விளைவு இது. கீழ்ப் பிரிவுக் கிளப்புகள் வாசலில் வசூலாகும் பணத்தை நம்பியே பிழைப்பதால், இந்தத் தடை நீடிக்க வேண்டும் என்பதே என் கருத்து.

கேள்வி: வெளிநாட்டில் இவ்வளவு ரசிகர்கள் இருக்கும்போது, சில லீக் ஆட்டங்களையே அங்கே நடத்தினால் என்ன?
– வாசகர், சேலம்

பதில்: 2008இல் பிரீமியர் லீக்கே அப்படி ஒரு திட்டத்தை முன்வைத்தது. ஒவ்வோர் அணியும் ஆடும் 38 ஆட்டங்களோடு 39ஆவதாக ஒன்றை வெளிநாட்டு நகரத்தில் ஆடுவது என்ற அந்த யோசனை, ரசிகர்களும் ஃபிஃபாவும் எதிர்த்ததால் கைவிடப்பட்டது. 2025 டிசம்பரில் வியாரியால் – பார்சிலோனா ஆட்டத்தை மயாமியில் நடத்த ஸ்பெயினின் உயர் பிரிவு லீக்கான லா லிகா முயன்றது. அதைக் கண்டித்து அந்நாட்டு வீரர்கள் ஆட்டம் தொடங்கியதும் 15 விநாடிகள் அசையாமல் நின்றார்கள்; அக்டோபரிலேயே திட்டம் கைவிடப்பட்டது.

வியாரியாலில் சீசன் டிக்கெட் வாங்கும் ஒருவருக்குச் சொந்த மைதானத்தில் 19 லீக் ஆட்டங்கள்தான். அவற்றில் பார்சிலோனா வரும் ஆட்டம் அந்தச் சிறு நகரத்துக்குத் திருவிழா. அதைக் கடல் கடந்து கொண்டுபோக யாருக்கும் உரிமை இல்லை.

ஜெர்மனியில் ரசிகர்களின் கை இன்னும் வலுவானது. அங்கே கிளப்பின் உறுப்பினர்களிடமே பெரும்பான்மை வாக்குரிமை இருக்க வேண்டும் என்பது பொது விதி. டார்ட்மண்ட் மைதானத்தின் தெற்கு கேலரியில் ஏறத்தாழ 25,000 பேர் நின்றபடியே பார்க்கிறார்கள். வெளிநாட்டுச் சந்தையை விரிவாக்குவதற்காக ஒளிபரப்பு வருமானத்தில் ஒரு பங்கை முதலீட்டு நிறுவனத்துக்கு விற்க லீக் நிர்வாகம் முயன்றபோது, ரசிகர்கள் வாரக்கணக்கில் டென்னிஸ் பந்துகளை மைதானத்துக்குள் வீசி ஆட்டங்களை நிறுத்தினார்கள். 2024 பிப்ரவரியில் நிர்வாகம் பின்வாங்கியது.

கேள்வி: வேலை நிமித்தம் ஆறு மாதம் லண்டன் போகிறேன். ஓர் ஆட்டமாவது நேரில் பார்க்க ஆசை. என்ன செய்யலாம்?
– மென்பொருள் பொறியாளர், கோவை

பதில்: அவசியம் பாருங்கள். கிளப்பின் உறுப்பினராகச் சேர்ந்து அதன் வழியாகவே டிக்கெட் வாங்குங்கள். கால்பந்து டிக்கெட்டை அனுமதியின்றி மறுவிற்பனை செய்வது அங்கே சட்டப்படி குற்றம் என்பதால் தெருவில் விற்பவரிடம் வாங்காதீர்கள். வாசலில் இரண்டு அணிகளின் நிறத்தையும் பாதிப் பாதியாகச் சேர்த்து நெய்த கழுத்துத் துண்டுகளை விற்பார்கள். பழைய ரசிகர்களுக்கு அது பிடிக்காது. ஓர் அணியின் துண்டையே அணியுங்கள். பெரிய கிளப்பின் டிக்கெட் கிடைக்காவிட்டால், சனிக்கிழமை பிற்பகல் மூன்று மணிக்கு லெய்டன் ஓரியன்ட் போன்ற சிறிய லண்டன் கிளப் ஒன்றின் மைதானத்துக்குப் போங்கள். அந்த நேரத்தில் அங்கே எந்த ஆட்டமும் தொலைக்காட்சியில் ஓடாது. உங்கள் டிக்கெட் காசு அந்தக் கிளப்புக்கு உண்மையிலேயே தேவைப்படும்.