எட்டு மாதமாக விலை போகாத வீடு

கேள்வி: எங்கள் வீட்டை விற்பனைக்கு வைத்து எட்டு மாதம் ஆகிறது. வீட்டு விலை உச்சத்தில் இருந்த சமயத்தில் வாங்கியது. அப்புறம் சமையலறையையும் குளியலறைகளையும் நிறையச் செலவு செய்து புதுப்பித்தோம். வாங்கிய விலை, புதுப்பித்த செலவு, கொஞ்சம் லாபம், எல்லாம் கூட்டித்தான் விலை சொல்கிறோம். இதுவரை பதினான்கு பேர் வந்து பார்த்தார்கள். இரண்டாவது மாதம் ஒரு தம்பதி 12 சதவீதம் குறைத்துக் கேட்டார்கள், மறுத்துவிட்டோம். இப்போது போன் வருவதே நின்றுவிட்டது. நாங்கள் வேறு ஊரில் வாடகைக்கு இருக்கிறோம், வீடு பூட்டிக் கிடக்கிறது. பொறுத்திருந்தால் கேட்ட விலை கிடைக்கும் என்கிறார் அண்ணன். குறைத்து விற்றுவிடலாம் என்கிறார் மனைவி. விற்ற பணத்தில் இங்கே இதைவிடப் பெரிய வீடு வாங்கத் திட்டம். என்ன செய்வது?
(பெயர் வெளியிட விரும்பாத வாசகர்)

பதில்: உங்கள் மனைவி பக்கம்தான் நான். ஆனால் அண்ணனுக்குச் சொல்லக் காரணம் வேண்டுமே, அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

நீங்கள் போட்டிருப்பது செலவுக் கணக்கு. வாங்க வருகிறவர் அந்தக் கணக்கைப் பார்ப்பதே இல்லை. அவர் கையில் இருப்பது இன்னும் நான்கு வீடுகளின் பட்டியல். அதே பணத்துக்கு அங்கே என்ன கிடைக்கும் என்றுதான் ஒப்பிடுவார். நீங்கள் உச்ச விலையில் வாங்கியது உங்கள் நேரம். அதை அவர் ஏன் ஈடுகட்ட வேண்டும்? சமையலறையும் அப்படித்தான். புதிதாக இருந்தால் வீடு சீக்கிரம் பிடித்துப்போகும், கொஞ்சம் கூடுதல் விலையும் தருவார்கள். போட்ட பணம் முழுவதும் திரும்பி வருவது அபூர்வம். உங்கள் ரசனைக்கு வைத்த மேடைக்கல்லை உடைத்துவிட்டு வேறு போடலாமா என்று யோசித்தபடியேகூட அவர் அதைத் தடவிப் பார்த்திருக்கலாம்.

வாங்கிய விலைக்குக் கீழே இறங்க மனம் வராதது உங்களுக்கு மட்டும் உள்ள குறை இல்லை. 1990-களில் பாஸ்டன் நகரத்து அடுக்குமாடி வீட்டு விற்பனைகளை டேவிட் ஜெனிசோவ், கிறிஸ்டோபர் மேயர் என்ற இரு பொருளாதார அறிஞர்கள் ஆராய்ந்து 2001-இல் கட்டுரை வெளியிட்டார்கள். 100-க்கு வாங்கிய வீடு இன்று 80-தான் போகும் என்று வையுங்கள். நஷ்டம் 20. இப்படி நஷ்டத்தில் இருந்தவர்கள் அந்த வித்தியாசத்தில் 25 முதல் 35 சதவீதம் வரை, அதாவது 5 முதல் 7 வரை, கூடுதலாக விலை சொன்னார்கள். கடைசியில் கூடுதலாகக் கிடைத்தது 3 முதல் 18 சதவீதம். நம் கணக்கில் 1-க்கும் கீழே தொடங்கி 4-ஐத் தொடாமல் நின்றது. அதற்கு அதிக நாள் காத்தும் கிடந்தார்கள். ஆக, பிடிவாதத்துக்குக் கூலியே இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் காத்திருப்பும் இலவசம் இல்லை.

உங்களுக்கு அது எவ்வளவு? இப்போது சொல்லும் விலை 100 என்றும், இன்று 86-க்கு முடியும் என்றும் கொள்வோம். அந்தப் பணம் ஆண்டுக்கு 6 சதவீதம் ஈட்டினால் அடுத்த வருடம் 91 ஆகியிருக்கும். பூட்டிய வீட்டுக்கு வரி, பராமரிப்பு, காப்பீடு என்று இன்னொரு 2 போகிறது. ஒரு வருடம் கழித்து 93-க்கு விற்றால்தான் இன்றைய 86-க்குச் சமம். மந்தமான சந்தை ஒரே வருடத்தில் 8 சதவீதம் ஏறும் என்று அண்ணன் எழுதிக் கொடுப்பாரா? கடன் பாக்கி இருந்தால் அந்த வட்டியையும் வைத்து நீங்களே ஒருமுறை போட்டுப் பாருங்கள்.

அடுத்து வாங்கப்போகும் பெரிய வீட்டை நீங்கள் இந்தக் கணக்கில் சேர்க்கவே இல்லை. அங்கும் சந்தை இதே மாதிரி மந்தமாக இருந்தால் உங்களுக்கு லாபம். 100 பெறுமான வீட்டில் 15 சதவீதம் விட்டால் 15 போகிறது. 150 பெறுமான வீட்டை அதே 15 சதவீதம் குறைத்து வாங்கினால் 22-க்கு மேல் மிச்சம். விலை ஏறட்டும் என்று காத்திருந்தால் அந்த வீடும் சேர்ந்துதான் ஏறும்.

சரி, எந்த விலை வைப்பது? விளம்பரத்தில் மற்றவர்கள் சொல்லும் விலைகளைப் பார்க்காதீர்கள். அவர்களும் உங்களைப் போல எட்டு மாதமாக உட்கார்ந்திருக்கலாம். கடந்த சில மாதங்களில் உண்மையாகவே கைமாறிய, உங்கள் வீட்டை ஒத்த மூன்று நான்கு வீடுகளின் முடிந்த விலையை விசாரியுங்கள். மந்தச் சந்தையில் விற்பனையே குறைவு என்பதால் ஒரு வருடம் பழைய விலைகளைக் காட்டுவார்கள். அதிலிருந்து கொஞ்சம் கழித்துக்கொள்ள வேண்டும். கடன் கொடுக்கும் வங்கியின் மதிப்பீடும் முக்கியம். அதற்கு மேல் நீங்கள் கேட்கும் ஒவ்வொரு காசையும் வாங்குபவர் சொந்தக் கையிலிருந்து போட வேண்டும், பல பேரங்கள் அந்த இடத்தில்தான் முறிகின்றன. தரகர்களில் மூவரிடம் கருத்துக் கேளுங்கள். அதிக விலை சொல்லி ஆசை காட்டுகிறவரிடம் எனக்கு நம்பிக்கை குறைவு. வீட்டைத் தன் கைக்குக் கொண்டுவருவதற்காகச் சொல்லிவிட்டு இரண்டு மாதம் கழித்து 'குறைக்கலாமா சார்' என்று அவரே வருவார்.

குறைப்பதை ஒரே தடவையில், கண்ணுக்குத் தெரியும்படி குறையுங்கள். மாதம் ஒரு சதவீதமாக இறக்கினால், இன்னும் இறங்கும் என்று எல்லோரும் காத்திருப்பார்கள். இணையத்தில் தேடுகிறவர்கள் '80 முதல் 90 வரை' என்று வரம்பு போட்டுத் தேடுவதால் 91 என்று வைத்த வீடு அவர்கள் கண்ணிலேயே படாது. 90 வையுங்கள், பேரத்துக்கு அதில் இடம் இருக்கிறது. எவ்வளவுக்குக் கீழே போகமாட்டோம் என்பதை இப்போதே நீங்களும் மனைவியும் பேசி ஒரு காகிதத்தில் எழுதிவிடுங்கள். பார்ட்டி எதிரே உட்கார்ந்திருக்கும்போது அந்த முடிவை எடுப்பது கஷ்டம்.

புது விலையில் ஆறு வாரம் பாருங்கள். யாருமே பார்க்க வரவில்லை என்றால் விலை இன்னும் அதிகம். வருகிறார்கள், பார்க்கிறார்கள், கேட்காமல் போகிறார்கள் என்றால் வீட்டில் ஏதோ உறுத்துகிறது. பூட்டிக் கிடக்கும் வீட்டின் ஈர வாடைகூடக் காரணமாக இருக்கலாம். வந்தவர்களிடம் தரகரை விட்டுக் கேளுங்கள்.

அதற்கெல்லாம் முன்னால், அந்த இரண்டாவது மாதத் தம்பதியின் எண் இருந்தால் இந்த வாரமே கூப்பிடுங்கள். இன்னும் தேடிக்கொண்டிருந்தால் பேச்சைத் தொடங்கலாம், ஆனால் பழைய 88-ஐ அவர்கள் மறந்திருக்கலாம் என்று தயாராக இருங்கள். வேறு வீடு வாங்கிவிட்டார்கள் என்றால், வாழ்த்துச் சொல்லிவிட்டு, என்ன விலைக்கு முடித்தார்கள் என்று மட்டும் கேட்டு வையுங்கள்.