பப்ஜியில் பேன் ஏன் தோட்டாவைத் தடுக்கிறது?

கேள்வி: "பப்ஜியில் பின்னால் தொங்கும் பேன் (வறுக்கிற சட்டி) தோட்டாவைத் தடுக்கிறதே, அது தெரியாமல் நுழைந்த பிழையா (பக்), இல்லை தெரிந்தே வைத்ததா? கேம்களில் வரும் ஆயுதங்கள் உள்ளுக்குள் எப்படித்தான் வேலை செய்கின்றன?"

தெரிந்தே வைத்ததுதாங்க. 2017-இல் வந்த பப்ஜி என்ற துப்பாக்கிச் சண்டை கேமில் அந்தப் பேன் கையில் இருந்தாலும் சரி, இடுப்புக்குப் பின்னால் தொங்கினாலும் சரி, அதன் மேல் பட்ட குண்டு 'டங்' என்று தெறித்துவிடும். கேமிலேயே பலமான லெவல் 3 ஹெல்மெட்டுக்கே ஓர் ஆயுள் உண்டு, அடி வாங்க வாங்கத் தேய்ந்து கடைசியில் காணாமல் போகும். ஏர்டிராப்பில் (வானத்திலிருந்து விழும் பெட்டியில்) வரும் ஏடபிள்யூஎம் என்ற ஸ்னைப்பர் துப்பாக்கி அந்த ஹெல்மெட்டையும் மீறி ஒரே குண்டில் தலையைச் சாய்த்துவிடும். அதே குண்டு பேனில் பட்டால் பேனுக்கு ஒன்றும் ஆகாது, ஏனென்றால் அதற்கு ஆயுள் கணக்கே எழுதப்படவில்லை.

இதற்கு மேல் புரிய வேண்டுமென்றால் ஒரு விஷயத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள். கேமில் துப்பாக்கி கிடையாது, இரும்பும் கிடையாது. இருப்பதெல்லாம் கண்ணுக்குத் தெரியாத சில பெட்டிகளும் உருளைகளும்தான். கேம் எழுதுகிறவர்கள் இதைக் கொலைடர் என்பார்கள் (பேரைக் கேட்டுப் பயப்பட வேண்டாம்). தலைக்கு ஒன்று, நெஞ்சுக்கு ஒன்று, கைக்கு ஒன்று, பேனுக்கும் ஒன்று. குண்டு போகும் வழியில் முதலில் எந்தப் பெட்டி தட்டுப்படுகிறதோ, அதற்கு என்ன எழுதி வைத்திருக்கிறார்களோ அது நடக்கும். தலை என்றால் இவ்வளவு உயிர் குறை, பேன் என்றால் சத்தம் போடு, தீப்பொறி காட்டு, அவ்வளவுதான். நான் சரவணம்பட்டியில் சாஃப்ட்வேர் வேலை பார்த்துக்கொண்டு ராத்திரியில் யூனிட்டி என்ற கேம் செய்யும் சாஃப்ட்வேரில் சின்னச் சின்ன கேம் செய்து பார்க்கிற ஆள். பஞ்சு மெத்தையைக் குண்டு துளைக்காததாகவும் கான்கிரீட் சுவரைக் காகிதமாகவும் மாற்ற எனக்கு ஒரு டிக் குறி போதும்.

நிஜத்தில் ஒரு வார்ப்பிரும்புப் பேனில் குண்டு பட்டால் என்ன ஆகும் என்று கேட்பீர்கள். கோயமுத்தூரில் ஃபவுண்டரிப் பக்கம் வளர்ந்த யாரைக் கேட்டாலும் சொல்வார்கள், வார்ப்பிரும்பு கடினம்தான், ஆனால் இடி தாங்காது. வார்ப்பிரும்பு தோசைக்கல் கை தவறிச் சிமெண்டுத் தரையில் விழுந்தாலே சில சமயம் விண்டுபோகும். ஏகே துப்பாக்கிக் குண்டு அதில் பட்டால் என்ன மிஞ்சும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

ஆனால் இந்த அபத்தம்தான் மீமுக்குத் தீனி. காங்கேயத்தில் அக்கா வீட்டுக்குப் போகும்போதெல்லாம் பார்க்கிறேன், கொப்பரைக் களத்துச் செட்டு நிழலில் பொடுசுகள் நாலைந்து பேர் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து பிஜிஎம்ஐ ஆடிக்கொண்டிருக்கும். (பப்ஜி மொபைலை 2020 செப்டம்பரில் தடை செய்தார்கள், அடுத்த ஜூலையில் அதுவே பேரை மாற்றிக்கொண்டு பிஜிஎம்ஐயாக வந்தது.) அக்கா பையன் வயக்காட்டுக்குள் குப்புறப் படுத்து ஊர்ந்துகொண்டிருந்தான், பின்னால் பேன் தொங்குகிறது. எங்கிருந்தோ ஒருத்தன் சுட, டங், டங். இவன் சிரித்துக்கொண்டே இன்னும் மெதுவாக ஊர்கிறான். மூன்றாவது குண்டு காலில் பட்டுச் சாய்ந்துவிட்டான்.

"ஏனுங் மாமா, பேன்தான் இருக்குதுங்களே, அப்புறம் எப்படிச் செத்தேன்?"

"பேன் அளவுக்குத்தான்டா சாமி பேன் காப்பாத்தும். காலுக்கு யாரு கட்டி வெச்சா?"

அவன் கேட்டதும் இந்தக் கேள்வியும் ஒன்றுதான். பேன் ஒரு கவசம் இல்லை, அந்த இடத்தில் இருக்கும் ஒரு பெட்டி. கவசம் என்றால் உடம்பில் பட்ட அடியின் டேமேஜைக் கணக்குப் போட்டுக் குறைக்கும். பெட்டி வழியில் நின்றால் மட்டும்தான் தடுக்கும்.

சரி, குண்டுக்கு வருவோம். இதில் இரண்டு ஜாதி. கவுண்டர் ஸ்ட்ரைக்கில் குண்டு பறப்பதே இல்லை. நீங்கள் அமுக்கிய அந்தக் கணத்திலேயே துப்பாக்கி பார்க்கும் திசையில் ஒரு நேர்கோடு போட்டு, கோட்டில் முதலில் தட்டுப்படுவது யார் என்று பார்த்து முடித்துவிடும். இதை ஹிட்ஸ்கேன் என்பார்கள். திரையில் பறக்கிற மாதிரி தெரியும் கீற்று சும்மா அலங்காரம். பப்ஜியில் அப்படி இல்லை, குண்டு நிஜமாகவே பொருளாகப் பறக்கும், போகப் போகக் கீழே இறங்கும். அதில் வரும் ஏகேஎம் துப்பாக்கிக் குண்டின் வேகம் நொடிக்குச் சுமார் 715 மீட்டர். 400 மீட்டர் தள்ளி ஓடுகிறவனை நேராகக் குறி வைத்தால், குண்டு போய்ச் சேர அரை நொடிக்கு மேல் ஆகும், அதற்குள் அவன் சில மீட்டர் தாண்டியிருப்பான். பொடுசுகள் "முன்னாடி புடிச்சு அடி" என்று கத்துவது இதைத்தான்.

"சுவருக்குப் பின்னால் போய் நின்ற அப்புறமும் செத்தேன்" என்று ஒரு மீம் எந்தக் காலத்திலும் ஓடிக்கொண்டே இருக்கிறதே, அதற்கும் ஒழுங்கான காரணம் உண்டு, நெட் ஸ்லோ என்று மட்டும் சொல்லிவிட்டுப் போக முடியாது. உங்கள் போனில் நடப்பது சர்வருக்கு (ஆட்டத்தை நடத்தும் பொதுக் கம்ப்யூட்டருக்கு) போய்ச் சேரச் சிறிது நேரம் ஆகும், எதிரி திரையில் தெரிவது கொஞ்சம் பழைய நீங்கள். அவன் அந்தப் பழைய உங்களைச் சரியாகக் குறி பார்த்துச் சுட்டிருந்தால், அவன் மேல் தப்பில்லையே? அதனால் ஹாஃப் லைஃப், கவுண்டர் ஸ்ட்ரைக் மாதிரி கேம்களில் சர்வர் எல்லோரும் கடைசியாக எங்கெங்கே நின்றார்கள் என்று ஒரு குறிப்பு வைத்திருக்கும். சுட்ட செய்தி வந்ததும் எல்லோரையும் அந்த நேரத்துக்குப் பின்னால் தள்ளி நிறுத்தி, கோடு போட்டுப் பார்த்து, பட்டிருந்தால் பட்டதுதான் என்று தீர்ப்பு எழுதிவிடும். நீங்கள் அதற்குள் சுவருக்கு அந்தப் பக்கம் போய் மூச்சு வாங்கிக்கொண்டிருப்பீர்கள். டீம் ஃபோர்ட்ரஸ் 2 ஆடினவர்களுக்கு இதன் உச்சம் தெரியும். முதுகில் குத்தினால் மட்டும் ஒரே குத்தில் ஆளைச் சாய்க்கும் ஸ்பை, உங்கள் திரையில் முகத்துக்கு நேரே நின்று குத்துவான், நீங்கள் முதுகில் குத்து வாங்கிச் சாவீர்கள்.

இனி எனக்குப் பிடித்த ஆயுதம், 1993-இல் வந்த டூம் கேமின் பிஎஃப்ஜி 9000. பேரின் நடு எழுத்துக்கு விரிவாக்கம் கேட்காதீர்கள், வீட்டில் பெரியவர்கள் இருப்பார்கள். நிஜ உலகில் இதற்கு மாதிரி எதுவும் இல்லாததால் எழுதினவர்கள் இஷ்டத்துக்கு விளையாடியிருக்கிறார்கள். ஒரு தடவை சுட 40 செல் (இந்தத் துப்பாக்கிக்குப் போடும் தீனி) செலவாகும். ஒரு பச்சைப் பந்து கிளம்பிப் போகும். எல்லோரும் அந்தப் பந்துதான் கொல்கிறது என்று நினைப்பார்கள். பந்துக்கு நல்ல அடி உண்டு, ஆனால் கூட்டத்தைக் கொல்வது வேறு. பந்து எதிலாவது மோதி அரை நொடி போல ஆனதும், கண்ணுக்குத் தெரியாத 40 கோடுகள் விசிறி மாதிரி விரியும். எங்கிருந்து என்றால், பந்து வெடித்த இடத்திலிருந்து இல்லை, சுட்டவன் அந்த நேரத்தில் எங்கே நிற்கிறானோ அங்கிருந்து. ஆனால் திசை மட்டும் பந்து முதலில் போன திசை! ஆக, தூரத்துச் சுவரைப் பார்த்துப் பந்தை விட்டுவிட்டு, பந்து வெடிக்கிற நேரத்துக்குப் பக்கத்து அறைக்குள் நகர்ந்துகொண்டால், அந்தத் திசையில் நிற்கிற எல்லோரும் பந்தைப் பார்க்காமலேயே பொத்து பொத்தென்று விழுவார்கள். திரையில் தெரிவதற்கும் உள்ளே நடக்கும் கணக்குக்கும் இவ்வளவு இடைவெளி வைத்து, அதை ஆடுகிறவர்கள் தாங்களே கண்டுபிடித்து வித்தையாக மாற்றிக்கொண்டார்கள். என்னைக் கேட்டால் பேனைவிட இதுதான் மேல்.

ஜிடிஏ வைஸ் சிட்டி கேமின் டாங்க்கைச் சொல்லாமல் விட்டால் ஈரோடு பஸ் ஸ்டாண்டுப் பக்கத்து பிரௌசிங் சென்டர் தலைமுறை என்னைச் சும்மா விடாது. பான்சர் என்று டைப் அடித்தால் டாங்க் வந்து விழும். பீரங்கியைப் பின்பக்கம் திருப்பி வைத்துச் சுட்டுக்கொண்டே போனால் வண்டி பறக்கிற வேகத்துக்கு வந்துவிடும். ஒவ்வொரு சூட்டுக்கும் வண்டியை எதிர்ப்பக்கம் ஒரு தள்ளு தள்ளச் சொல்லி எழுதியிருக்கிறார்கள், நியூட்டன் கணக்குச் சரிதான், தள்ளின அளவுதான் டாங்க்கின் எடைக்குப் பொருந்தவில்லை.

முப்பது குண்டில் ஒன்றே ஒன்று சுட்டுவிட்டு ரீலோடு போடுகிற பழக்கம் பற்றிய மீமுக்கு நீட்டி விளக்க ஒன்றுமில்லை. பெரும்பாலான கேம்களில் மிச்சக் குண்டு பொதுக் கணக்கில் திரும்பச் சேர்ந்துவிடும், அதனால் அந்தப் பழக்கத்துக்கு நஷ்டம் இல்லை.

கடைசியாக, இந்த வரிசையில் ஒரு பொய்யும் இருக்கிறது, தயவுசெய்து இனிமேல் பரப்பாதீர்கள். 1991-இல் வந்த சிவிலைசேஷன் கேமில் இந்தியாவின் தலைவராக வரும் காந்தி அணுகுண்டு போடுவார் என்ற மீம். அதற்குச் சொல்லும் காரணம் கேட்கவே அழகாக இருக்கும்: காந்தியின் ஆக்ரோஷம் 1, ஜனநாயகத்துக்கு மாறினால் 2 குறையும், கழித்தல் எண்ணை வைக்க இடமில்லாததால் அது சுற்றிப் போய் 255 (ஒரு பைட்டில் அடங்கும் பெரிய எண்) ஆகிவிடும், உடனே சாந்தமூர்த்தி சம்ஹார மூர்த்தி ஆகிவிடுவார். அந்த கேமை உருவாக்கிய சிட் மெயர் 2020-இல் வந்த தன் சுயசரிதையில் அப்படி ஒரு பக் இருந்ததே இல்லை என்று எழுதிவிட்டார். 2010-இல் வந்த ஐந்தாம் பாகத்தில்தான் வேண்டுமென்றே, விளையாட்டுக்காக, காந்திக்கு அணுகுண்டு ஆசையை எக்கச்சக்கமாக ஏற்றி வைத்தார்கள். கம்ப்யூட்டர் படித்த பிள்ளைகள் 255 என்றதும் தலையாட்டிவிடுகிறார்கள், அதனால்தான் இந்தக் கதை இவ்வளவு தூரம் வந்தது.

பிஎஃப்ஜி விஷயத்தில் என் வார்த்தையை அப்படியே நம்ப வேண்டியதில்லை. டூம் கேமின் சோர்ஸ் கோடு எனும் மூல நிரலை 1997-லேயே வெளியிட்டுவிட்டார்கள், இலவசமாகவே கிடைக்கும். அதில் பிஎஃப்ஜி ஸ்ப்ரே என்று பேர் வைத்த ஒரு குட்டி ஃபங்ஷன் இருக்கும், உள்ளே 40 தடவை சுற்றும் ஒரு லூப். சி மொழி படித்தவர் என்றால் ஒரு டீ குடிக்கிற நேரத்தில் புரிந்துவிடும்.