லேத் வாங்கலாம், இந்த வருசம் வேண்டாம்

கேள்வி: மாங்குளத்தில் இரும்புப் பட்டறை வைத்திருக்கிறேன். ஒருவரிடமும் தொழில் படிக்கவில்லை. யுத்தத்தில் பெற்றோல் இல்லாமல் மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓடிய காலத்தில் எஞ்சின் பிரித்துப் பழகிய கை. இப்போது இரண்டு மகன்மாரோடு லாண்ட்மாஸ்டருக்கு (இரண்டு சில்லு உழவு மெசினுக்கு) பின்னால் பூட்டும் பெட்டி செய்கிறேன். ஒரு பெட்டி 3 இலட்சம், சாமான் செலவு 2 இலட்சத்து 40 ஆயிரம், மூன்று பேருக்கு 6 நாள் வேலை. லேத் (இரும்பைச் சுழற்றிக் கடையும் மெசின்) வேலைக்கு வவுனியாவுக்கு ஓடவேண்டியிருக்கிறது. சொந்தமாக லேத் வாங்க 20 இலட்சம் வங்கிக் கடன் எடுக்கவா, 2 ஏக்கர் வயலை விற்கவா? வெளியில் 14 இலட்சம் நிற்கிறது; அறுவடை முடியத் தருவார்கள். மூத்தவனை வெளிப் பட்டறையில் நாளுக்கு 3,500 தந்து கூப்பிடுகிறார்கள்.

பதில்: உங்கள் கேள்விக்கு விடை கடைசி வரியில்தான் இருக்கிறது, ஐயா. பெட்டிக்கு 60 ஆயிரம் இலாபம் என்று நினைக்கிறீர்கள். மூன்று பேர், 6 நாள், ஆளுக்கு 3,500 என்றால் கூலியே 63 ஆயிரம். கரண்ட், வெல்டிங் கூர், கிரைண்டர் தட்டு எல்லாம் அதற்கு மேல். பட்டறை உழைக்கவில்லை, நீங்கள் மூவரும் குறைந்த கூலிக்கு உழைக்கிறீர்கள். மூத்தவர் போய்விட்டால் அது உடனே தெரியவரும்.

முதலில் மகன்மாருக்குச் சம்பளம் எழுதுங்கள், உங்களுக்கும்தான். அதைச் சேர்த்தே விலை சொல்லுங்கள். "ஊர்ச்சனம், எப்படிக் கூட்டிக் கேட்பது" என்பீர்கள். அந்தச் சனத்துக்குத்தான் வட்டியில்லாமல் 14 இலட்சம் கொடுத்திருக்கிறீர்கள். வட்டி ஆண்டுக்கு 14 வீதம் என்று வைத்தாலும், அறுவடை வரை 5 மாதம் என்றால் ஏறக்குறைய 82 ஆயிரம். இனி இரும்புக் காசு முற்பணமாகக் கைக்கு வராமல் தகடு வெட்டவேண்டாம். 2022 இல் டொலர் 200 ரூபாயிலிருந்து 360 வரை ஏறி இரும்பு விலையும் கூடியதே, அப்போது பழைய விலைக்கு ஓடர் பிடித்தவர்கள் பட்ட பாட்டை நீங்களும் பார்த்திருப்பீர்கள். மிச்சத்துக்கு வேண்டுமானால் அறுவடைத் தவணை கொடுங்கள், கையெழுத்தோடு.

லேத்துக்கு வருவோம். 20 இலட்சத்துக்கு அதே 14 வீதத்தில் தொடக்கத்தில் வட்டி மட்டுமே மாதம் 23 ஆயிரம். மாதம் 4 பெட்டி செய்கிறவரிடம் அந்த மெசின் பாதி நேரம் சும்மா நிற்கும். வவுனியாவில் கொடுக்கும் கூலியையும் போக்குவரத்தையும் ஒரு போகம் முழுக்க எழுதிப் பாருங்கள். அது அதே காலத்துக்குக் கடனுக்குக் கட்டவேண்டிய வட்டியையும் முதலையும் தாண்டினால் மட்டும் வாங்குங்கள்.

வயலைத் தொடவேண்டாம். அரசு அனுமதிப்பத்திரத்தில் தந்த பெர்மிட் காணியென்றால் நினைத்தபடி விற்கவும் முடியாது. உங்கள் பெயரில் உறுதி எழுதிய சொந்தக் காணியென்றாலும் சோறு போடுவது அதுதான்.

இதற்கிடையில் பிரதேச செயலகத்தில் வியாபாரப் பெயரைப் பதிந்து, பட்டறைக்கென்று தனி வங்கிக் கணக்குத் திறவுங்கள். வெளியாள் ஒருவரை வேலைக்கு எடுக்கும் நாளிலிருந்து ஊழியர் சேமலாப நிதிக்கு அவர் சம்பளத்தில் உங்கள் பங்கு 12 வீதம், அவருடையது 8, ஊழியர் நம்பிக்கை நிதிக்கு நீங்கள் 3. அதையும் விலையில் சேருங்கள்.

ஒரு வருசக் கணக்கு கையில் இருந்தால் வங்கியில் பேசும் விதமே வேறு. அப்போது தவணையை மாதாமாதம் வைக்காமல் பங்குனி, புரட்டாதி என்று இரண்டு அறுவடைக்கும் பிறகு வைக்கக் கேளுங்கள். மறுத்தால் பக்கத்து வங்கியில் கேளுங்கள்.