மொனார்க் பட்டாம்பூச்சி வளர்ப்பது – ஒரு கடிதமும் பதிலும்

அன்புள்ள அக்கா,

நாங்கள் ஒஹாயோவில் கொலம்பஸ் பக்கம் இருக்கிறோம். உங்கள் தோட்டத்தைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்த பிறகுதான் வீட்டுக்குப் பின்னால், மொனார்க் புழு தின்னும் மில்க்வீட் செடி வைத்தோம். நர்சரியில் சிவப்பும் மஞ்சளுமாகப் பூக்கும் செடிகள் ஆறு கிடைத்தன. ஜூன் கடைசியில் மொனார்க் வந்து முட்டையிட்டது. என் மகளுக்கு எட்டு வயது. எறும்பு தின்றுவிடும் என்று பயந்து ஒரு முட்டை விடாமல் எடுத்து வந்து, சமையலறையில் வலைக்கூண்டு வைத்து வளர்த்தோம். முதல் சுற்றில் பத்தொன்பது பட்டாம்பூச்சிகள் பறந்தன. அந்த உற்சாகத்தில் இரண்டாவது சுற்றில் நாற்பத்திரண்டு புழுக்களை ஒரே கூண்டில் விட்டோம்.

போன வாரம் அவை ஒவ்வொன்றாகச் சோர்ந்து, கறுத்து, தொங்கிச் செத்தன. ஐந்து மட்டும் கூட்டுப்புழு ஆயின. அதில் ஒன்று வெளியே வந்தது, ஆனால் சிறகு விரியவே இல்லை. இரண்டு நாள் சர்க்கரைத் தண்ணீர் கொடுத்துப் பார்த்தோம், போய்விட்டது. "நாமதான் கொன்னுட்டோமாம்மா?" என்று மகள் கேட்கிறாள்.

பக்கத்து வீட்டு அம்மா, வீட்டில் வளர்ப்பதே தவறு என்கிறார். இன்னொரு தோழி, வளர்க்காவிட்டால் இந்த இனமே அழிந்துவிடும் என்கிறாள். நிறுத்திவிடட்டுமா? மிச்சமிருக்கும் நான்கு கூட்டுப்புழுக்களை என்ன செய்வது?

எஸ்.

*

அன்புள்ள எஸ்.,

உங்கள் மகளின் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். அவளிடம் எதையும் மறைக்க வேண்டாம். "நாற்பத்திரண்டு புழுவை ஒரே கூண்டில் விட்டோம், ஒன்றுக்கு வந்த நோய் எல்லாவற்றுக்கும் ஒட்டிக்கொண்டது, நமக்கு அது தெரியாமல் போச்சு" என்று சொல்லுங்கள். நடந்தது அதுதான். அதைக் கேட்டுக்கொள்ளும் பக்குவம் எட்டு வயதில் உண்டு. "நீ ஒன்றும் செய்யவில்லை" என்று மழுப்பினால்தான் அவள் மனதில் அது தங்கிவிடும்.

நீங்கள் எழுதியதைப் பார்த்தால் இரண்டு வேறு நோய்கள் தெரிகின்றன. புழு சாப்பிடுவதை நிறுத்தி, கறுத்து, நடுக்காலால் மட்டும் பிடித்துக்கொண்டு இரண்டு முனையும் கீழே தொங்கச் செத்துப்போவது பெரும்பாலும் வைரஸ் அல்லது பாக்டீரியா. உள்ளே எல்லாம் கூழாகி வழியும். அந்த ஒரு சொட்டு இலையில் பட்டால் போதும், அதைத் தின்னும் அடுத்த புழுவுக்கும் வந்துவிடும். ஈரமான புழுக்கை, வாடிய இலை, காற்றோட்டமில்லாத மூலை, இவையெல்லாம் அதற்குத் தோது. பூச்சிமருந்து என்றால் வேறு மாதிரி இருக்கும்: புதிதாக வாங்கிய செடியை வைத்த ஒரே நாளில், பச்சையாகக் கக்கி, துடித்து, மொத்தமும் ஒன்றாகப் போய்விடும். அப்படி நடந்ததாக நீங்கள் சொல்லவில்லை. இருந்தாலும் நர்சரியில் வாங்கும்போது மருந்து அடித்த செடியா என்று கேட்காமல் வாங்காதீர்கள்.

சிறகு விரியாத அந்த ஒன்று வேறு கதை. அது அநேகமாக ஓ.ஈ. முழுப்பெயர் ஆஃப்ரியோசிஸ்டிஸ் எலெக்ட்ரோஸ்கிர்ரா. மொனார்க்குகளையும் அவற்றின் நெருங்கிய சொந்தங்களையும் பிடிக்கும் ஒற்றைச்செல் ஒட்டுண்ணி. நோயுள்ள தாயின் வயிற்றுச் செதில்களுக்கு நடுவே இதன் வித்துகள் ஒட்டியிருக்கும். அவள் முட்டையிடும்போது முட்டை மேலும் இலை மேலும் உதிரும். பொரிந்த புழு முதலில் தின்பது தன் முட்டை ஓட்டைத்தான், வித்தும் சேர்ந்து உள்ளே போய்விடும். கூட்டுப்புழுவுக்குள் அது பெருகி, பட்டாம்பூச்சி வெளியே வரும்போது உடல் முழுக்க லட்சக்கணக்கான வித்துகள். நோய் கடுமையாக இருந்தால் கூட்டிலிருந்தே வெளியேற முடியாது, அல்லது சிறகு சுருங்கியே நின்றுவிடும். லேசாக இருந்தால் பார்க்க நன்றாகவே இருக்கும், பறந்தும் போகும், போகிற இடத்தில் எல்லாம் வித்தை உதிர்க்கும்.

இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். இங்கே இல்லினாய் வந்த பிறகு மூன்றாவது கோடையில் நானும் அறுபதுக்கு மேல் வளர்த்தேன். செப்டம்பரில் ஒன்பது சிறகு விரியாமல் வந்தன. காகித உறையில் வைத்து ஃப்ரீசரில் வைப்பதுதான் அவற்றுக்குக் கொஞ்சமாவது வலி குறைந்த வழி என்றார்கள். ஒன்பது தடவை அந்தக் கதவைத் திறந்தேன். அப்புறம் ஒரு பழைய மைக்ராஸ்கோப் வாங்கி, நன்றாக வந்தவற்றின் வயிற்றில் செலோடேப்பை மெல்ல ஒற்றி எடுத்துப் பார்த்தேன். அகலமான செதில்களுக்கு இடையே நெல்மணி போலப் பழுப்பு நிறப் பொடிகள். நான் சந்தோஷமாகப் பறக்கவிட்டவற்றில் எத்தனை இப்படிப் போயிருக்கும் என்று நினைத்து இரவெல்லாம் தூங்கவில்லை. அந்த வருடத்தோடு எண்ணிக்கையைக் குறைத்துவிட்டேன்.

சரி, உங்கள் பெரிய கேள்விக்கு வருகிறேன். வீட்டில் வளர்ப்பதால் மொனார்க் இனம் பிழைத்துவிடாது. இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

ஒரு பெண் மொனார்க் முந்நூறு முட்டைக்கு மேல் இடும். அதில் இரண்டு பிழைத்து முட்டையிட்டால் இனம் குறையாமல் நிற்கும். மீதியை எறும்பும் சிலந்தியும் நாற்றப்பூச்சியும் எடுத்துக்கொள்ளும். டாக்கினிட் ஈ புழுவின் மேல் முட்டை வைத்து, அதன் குட்டிப் புழுக்கள் வெள்ளை நூல் பிடித்து இறங்கி வரும். பார்க்கக் கொடுமையாகத்தான் இருக்கும். ஆனால் மொனார்க் இந்தக் கணக்கோடுதான் இத்தனை காலம் வாழ்ந்திருக்கிறது. இப்போது குறைந்திருப்பதற்கு எறும்பு காரணம் இல்லை.

மெக்சிகோவில் மிச்சோகான் மலைகளில், கிட்டத்தட்ட 3000 மீட்டர் உயரத்தில், ஒயமெல் ஃபிர் மரங்களில், தெற்கே பறந்து வரும் மொனார்க்குகள் குளிர்காலத்தைக் கழிக்கின்றன. 1975 ஜனவரியில்தான் அந்த இடம் அறிவியல் உலகத்துக்குத் தெரிய வந்தது. கனடாவின் ஃப்ரெட் உர்குஹார்ட்டும் நோரா உர்குஹார்ட்டும் பல பத்தாண்டுகளாகச் சிறகில் சீட்டு ஒட்டித் தேடியது, அவர்களுக்காக மலையேறிய கென் ப்ரக்கருக்கும் கத்தலினா அகுவாடோவுக்கும் கிடைத்தது. அங்கே ஒவ்வொன்றாக எண்ண முடியாது என்பதால், எத்தனை ஹெக்டேர் காட்டை மூடியிருக்கின்றன என்று அளக்கிறார்கள். 1996–97 குளிர்காலத்தில் 18 ஹெக்டேருக்கு மேல். 2013–14இல் 0.67. 2023–24இல் 0.9, அடுத்த வருடம் 1.79. ஏறும், இறங்கும், ஆனால் பழைய அளவுக்குப் பக்கத்தில்கூட வரவில்லை. 2024 டிசம்பரில் அமெரிக்க மீன், வனவிலங்குத் துறை இதை அச்சுறுத்தலுக்கு உள்ளான இனமாக அறிவிக்கலாம் என்று முன்மொழிந்தது.

காரணங்களில் பெரியது மில்க்வீட் இல்லாமல் போனது. களைக்கொல்லியைத் தாங்கும் சோளமும் சோயாவும் வந்த பிறகு, வயலில் அந்தப் பயிரைத் தவிர எதுவும் மிஞ்சவில்லை. 1999க்கும் 2010க்கும் நடுவே மத்திய மேற்கில் மில்க்வீட் 58 சதவீதம் குறைந்ததாக ஒரு கணக்கு உண்டு. நானும் நீங்களும் இருப்பது அந்த நிலத்தில்தான். கூண்டில் நாற்பது வளர்ப்பதை விட, அந்த நாற்பதும் தின்னும் அளவுக்குச் செடி வைப்பது பெரிய வேலை.

இன்னொரு விஷயம், வீட்டுக்குள் வளர்ப்பது. சிகாகோ பல்கலைக்கழகத்தில் 2019இல் வந்த ஆய்வில், விற்பனைக்கு வளர்க்கப்பட்ட மொனார்க்குகளின் வாரிசுகளுக்குத் தெற்கு எது என்றே தெரியவில்லை. காட்டு மொனார்க்குகளின் குஞ்சுகளை வீட்டுக்குள் செயற்கை இலையுதிர்காலம் அமைத்து வளர்த்தபோதும் அதே கதை. அப்புறம் 2021இல் கனடாவின் குவெல்ஃப் பல்கலைக்கழக ஆய்வு: உள்ளே வளர்ந்தவற்றின் மேல் சின்ன ரேடியோ கருவி ஒட்டி வெளியே விட்டபோது, பெரும்பாலானவை தெற்கு நோக்கிச் சரியாகவே போயின. ஆகவே நீங்கள் விட்ட பத்தொன்பதுக்காக வருத்தப்படாதீர்கள். ஆனால் பகல் சுருங்குவதையும் இரவு குளிர்வதையும் புழு தன் உடம்பில் உணர்ந்துதான் பயணத்துக்குத் தயாராகிறது. சமையலறை விளக்கில் அது எப்படித் தெரியும்? வளர்த்தால் வெளியே, தாழ்வாரத்தில், வெயில் நேராகப் படாத இடத்தில் வளருங்கள்.

அப்படியானால் நிறுத்த வேண்டுமா? வேண்டாம் என்றுதான் சொல்வேன். ஒரு குடும்பம் வருடத்துக்குப் பத்துக்கு மேல் வளர்க்க வேண்டாம் என்று பாதுகாப்பு அமைப்புகள் சொல்கின்றன. எனக்கு ஐந்தே போதும். ஐந்து இருந்தால் ஒவ்வொன்றையும் பார்க்கலாம். குழந்தை பார்க்கட்டும் என்பதற்காகத்தான் இதைச் செய்கிறோம், பார்க்கத்தான் நேரம் வேண்டும். கூரையில் கொக்கி போலத் தலைகீழாகத் தொங்கும் புழுவின் தோல் கழுத்துப் பக்கம் கிழிந்து, பச்சை உடல் நெளிந்து நெளிந்து அந்தத் தோலை மேலே தள்ளி உதறுவது சில நிமிடத்தில் முடிந்துவிடும். அறுபது இருந்தபோது நான் அதை ஒரு தடவைகூட முழுசாகப் பார்க்கவில்லை. தினமும் புழுக்கை அள்ளவே நேரம் சரியாக இருந்தது.

நான் இப்போது செய்வது இது. புழுவுக்கு ஒரு டப்பா, வாயில் வலை. கீழே பேப்பர் டவல், காலையில் மாற்றிவிடுவேன். இலையைக் கழுவித் துடைத்து வைப்பேன். எது வெளிவந்தாலும் அன்றே டப்பாவை ப்ளீச்சில் ஊறவைப்பேன், ஒரு பங்கு ப்ளீச்சுக்கு நாலு பங்கு தண்ணீர். அப்புறம் நன்றாக அலசி வெயிலில் காயவைப்பேன். ஓ.ஈ. வித்துக்கு வெறும் சோப்பு போதாது. உங்கள் வலைக்கூண்டையும் முதலில் இப்படிச் செய்யுங்கள்.

இலை கிள்ளிய கையால் மகள் கண்ணைத் தொடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். இதை உங்களுக்குச் சுலபமாகப் புரியவைக்கலாம்: மில்க்வீட் நம் எருக்கின் குடும்பம். நான் முதல்முறை இங்கே ஒரு இலையைக் கிள்ளியபோது வெள்ளையாகப் பால் வடிந்தது. "எருக்கம்பால் கண்ணுல பட்டா கண்ணு போயிடும்" என்று ஆச்சி போடும் சத்தம் அப்படியே காதில் கேட்டது. மில்க்வீட் பாலும் கருவிழியைப் புண்ணாக்கும், மருத்துவரிடம் ஓட வேண்டிவரும். எங்கள் ஊர்ச் சாலையோர எருக்கில் வரி வரியான புழுக்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அது வெந்தய வரியன் பட்டாம்பூச்சி, மொனார்க்கின் பேரினத்தைச் சேர்ந்ததே. அதன் புழுவுக்கு முதுகில் மூன்று ஜோடிக் கொம்புகள், மொனார்க் புழுவுக்கு இரண்டு. அடுத்த தடவை ஊருக்குப் போகும்போது மகளை எண்ணச் சொல்லுங்கள். இரண்டுமே அந்த விஷப்பாலைத் தின்று உடம்பில் சேர்த்துக்கொள்கின்றன. பறவைகள் ஒதுங்கிப்போவது அதனால்தான்.

நீங்கள் வாங்கிய சிவப்பு மஞ்சள் பூ, வெப்பமண்டல மில்க்வீட். ஒஹாயோவில் பனி அதைக் கொன்றுவிடும் என்பதால் பெரிய தொல்லை இல்லை. ஹூஸ்டன், ஃப்ளோரிடா பக்கம் இருப்பவர்களுக்கு இது தொல்லை: குளிர்காலத்திலும் சாகாது, அதே இலையில் தலைமுறை தலைமுறையாக ஓ.ஈ. வித்து சேரும், பயணம் போக வேண்டிய பூச்சியும் அங்கேயே தங்கி முட்டையிடும். அங்கே வைத்திருப்பவர்கள் அக்டோபரில் அடியோடு வெட்டிவிடுங்கள். கலிஃபோர்னியாவில் இருந்து இதைப் படிப்பவர்கள், அங்கே அனுமதி இல்லாமல் மொனார்க்கை வளர்ப்பதே சட்டப்படி கூடாது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள்.

உங்களுக்கு நான் சொல்வது ஸ்வாம்ப் மில்க்வீட். வேர் ஓடிப் பரவாது, சின்னத் தோட்டத்துக்கு அடங்கும். இடம் இருந்தால் ஓரமாகக் காமன் மில்க்வீட், அது இஷ்டத்துக்கு ஓடும். விதைக்கு ஒரு குளிர்காலம் ஈரமண்ணில் கிடந்தால்தான் உறக்கம் கலையும். அதனால் அக்டோபர் கடைசியில் மண்ணைக் கிளறித் தூவி லேசாக அழுத்திவிடுங்கள், பனி பார்த்துக்கொள்ளும். முதல் வருடம் ஒன்றும் பெரிதாக இருக்காது, பிடுங்கிவிடாதீர்கள். கூடவே கோல்டன்ராட், ஆஸ்டர் பூச்செடிகளும் வேண்டும். செப்டம்பரில் கிளம்புபவை முட்டையிடாது, அவற்றுக்குத் தேவை தேன்தான். வசந்தம் வரை எட்டு மாதம் வாழ வேண்டிய கொழுப்பு அதில்தான் சேர்கிறது.

இப்போது அந்த நான்கு. ஆகஸ்ட் கடைசியில் வருகின்றன, அநேகமாகப் பயணம் போகும் தலைமுறை. ஒவ்வொன்றையும் தனி டப்பாவுக்கு மாற்றித் தாழ்வாரத்தில் வையுங்கள். கூடு கண்ணாடி போலாகி உள்ளே ஆரஞ்சு தெரிந்தால் மறுநாள் காலை வந்துவிடும், மகளைச் சீக்கிரம் எழுப்புங்கள். சிறகு காய சில மணி நேரம் கொடுங்கள். பின்சிறகில் ஒரு கரும்புள்ளி இருந்தால் ஆண். விடுவதற்கு முன் நான் சொன்ன டேப் சோதனையைச் செய்யுங்கள், மகளின் பள்ளி மைக்ராஸ்கோப் போதும். பழுப்புப் பொடி தெரிந்தால் விடாதீர்கள். அதைச் சொல்ல எனக்குக் கஷ்டமாக இருக்கிறது, ஆனால் விடாதீர்கள். உறையும் ஃப்ரீசரும் உங்கள் வேலையாக இருக்கட்டும், அவள் விரும்பினால் மட்டும் கூட நிற்கட்டும்.

ஒஹாயோவில் பல கவுண்டிகளின் மண், நீர்ப் பாதுகாப்பு அலுவலகங்கள் செப்டம்பர், அக்டோபரில் மில்க்வீட் காய்களைச் சேகரிக்கும். சாலையோரத்தில் பழுத்து வெடிக்கக் காத்திருக்கும் சாம்பல் நிறக் காய்களை உங்கள் மகள் பறித்துக் கொண்டுபோய்க் கொடுக்கலாம், உங்களுக்கும் ஒரு கை விதை எடுத்துவைத்துக்கொள்ளலாம். பழுக்காத பச்சைக் காயைப் பறிக்காதீர்கள், விதை முளைக்காது. ஸ்வாம்ப் மில்க்வீட் விதை கிடைக்காவிட்டால் எழுதுங்கள், என் தோட்டத்தில் இந்த வருடம் நன்றாகக் காய்த்திருக்கிறது, தபாலில் அனுப்புகிறேன்.

அன்புடன்,
அக்கா