தடை தாண்டும் விளையாட்டு: நாடக ரீச்சரிடம் கேட்டவை

கிளிநொச்சியில் பிள்ளைகளோடும் மாதர் சங்கங்களோடும் அரங்க விளையாட்டு நடத்திவரும் நாடக ஆசிரியை, வன்னியின் பல இடங்களிலிருந்தும் வந்த கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார்.

ரீச்சர், எழுதி வைக்காமல் நடியுங்கோ எண்டா பெடியள் சிரிச்சுக்கொண்டு நிக்கிறாங்கள். எங்க தொடங்கிறது? (இளைஞர் கழகம், மாங்குளம்)

நடிப்பில் தொடங்காதீர்கள் தம்பி, கோடுகளில் நின்று மறிப்பவர்களைத் தாண்டி ஓடும் கிளித்தட்டில் தொடங்குங்கள். பத்து நிமிடம் ஓடி மூச்சு வாங்கினால் கூச்சம் தானாகப் போய்விடும். பிறகு அதே கோடுகளில் மறிப்பவர்களுக்கு ஒவ்வொரு பாத்திரம் கொடுங்கள்: முதற்கோட்டில் பஸ் கொண்டக்டர், அடுத்ததில் கந்தோர் கிளாக்கர், கடைசியில் மேலே படிக்க வேண்டாம் என்கிற அப்பா. இனி ஓட்டம் இல்லை, பேசித்தான் தாண்ட வேண்டும். மறிப்பவர் மனம் மாறினால் மட்டும் வழிவிடலாம். இரக்கப்பட்டு விட்டுக்கொடுத்தால் ஆட்டம் செத்துப்போகும். மறிக்கிறவரும் அசைகிற மனிதர்தான் என்பதைப் பிள்ளைகள் ஓடும்போதே உடம்பால் கண்டுபிடித்திருப்பார்கள்.

ஏ.எல்லுக்குப் போவாலின் அரங்கு படிக்கிறம். அதுவும் இதுவும் ஒண்டோ? (மாணவி, ஒட்டுசுட்டான்)

உறவு உண்டு மகள். அமெரிக்கரான வயோலா ஸ்போலின் 1930களில் சிக்காகோவில் குடியேறிய குடும்பத்துப் பிள்ளைகளோடு வேலைசெய்தபோது இப்படியான விளையாட்டுகளை வளர்த்தார். பிரேசில் நாட்டு ஒகஸ்தோ போவால் 1970களில் பார்வையாளரையே மேடையேற்றினார். தோல்வியில் முடியும் காட்சியைத் திரும்பப் போடும்போது யாரும் "நிப்பாட்டு" என்று சொல்லி, ஒடுக்கப்பட்டவரின் இடத்தில் நின்று வேறு வழி முயலலாம்.

நாங்கள் வயசான ஆக்கள். எங்களுக்கு நடிக்கத் தெரியாது. (மாதர் சங்கம், புதுக்குடியிருப்பு)

அக்கா, உங்களைப் போன்றவர்களிடம்தான் நான் அதிகம் கற்றேன். ஒரு கிராமத்தில் நுண்கடன் காட்சி போட்டோம். கடன் அறவிடுபவர் வர, வீட்டுக்காரி பின்பக்கம் ஒளிகிறார். திரும்பப் போட்டபோது ஒருவர் கெஞ்சினார், ஒருவர் சண்டை பிடித்தார், ஒருவருக்கு லொத்தர் விழுந்தது. "அது மாயம், உண்மையில் நடக்காது!" என்று எல்லாரும் கத்தினார்கள். கடைசியாக ஒரு அம்மா பேசாமல் எழும்பிப் போய் அயல் பெண்கள் இரண்டு பேரைக் கூட்டிவந்து திண்ணையில் இருத்திவிட்டு, "இப்ப சொல்லுங்கோ தம்பி" என்றார். கடன் அறவிடுபவராக நடித்தவரின் குரல் தானாக இறங்கியது. கடன் ஒரு சதமும் குறையவில்லை. ஆனால் அடுத்த முறை ஒளிய மாட்டோம் என்று அன்றைக்கே பேசிக்கொண்டார்கள்.

எத்தனை பேர் வேணும்?

பன்னிரண்டு பேர், ஒரு மரநிழல், முக்கால் மணித்தியாலம்.

சண்டைக்கால இழப்புகளைப் பிள்ளைகளை நடிக்க வைக்கலாமோ? (ஒரு தாய், முல்லைத்தீவு)

வேண்டாம் அம்மா. தொடக்க காலத்தில் "தொலைந்த ஒன்றைத் தேடு" என்று நான் விளையாட்டாகச் சொன்னேன். ஒரு பிள்ளை மண்ணைப் பார்த்தபடி உறைந்து நின்றது. அது நான் விட்ட பிழை, இன்றும் உறுத்துகிறது. காயத்தைக் கிளறும் உரிமை எங்களுக்கு இல்லை. வெள்ளம் பாயும் பாதை, வயலுக்குள் இறங்கிய யானை, வராத பஸ் போன்ற கைக்கெட்டும் தடைகளையே கொடுங்கள். பிள்ளை தானாகத் தன் இழப்பை ஆட்டத்துக்குள் கொண்டுவந்தால் ஆட்டத்தை நிறுத்தி, பக்கத்தில் இருந்து கேளுங்கள். யாரும் கை தட்டக்கூடாது. பிறகு வைத்தியசாலையின் உளநலப் பிரிவுக்கு வீட்டாரோடு கூட்டிப்போங்கள்.

மாரியில வெளியில விளையாட ஏலாதே?

வகுப்பறைக் கதிரைகளைக் குறுக்கும் மறுக்குமாக அடுக்குங்கள். ஒருவர் கண்ணைக் கட்டிக்கொள்ள, மற்றவர் குரலால் மட்டும் வழிநடத்தட்டும். பிறகு ஆள் மாறுங்கள்.